தலைப்பாகைக்கும் தண்டவாளத்துக்கும் சம்பந்தமில்லை

மன்னிக்க வேண்டும், தம்பி. நான் ஒட்டுக் கேட்கவில்லை, காதில் விழுந்தது. தெமோதரை வளையப் பாதையை ஒரு கங்காணியின் தலைப்பாகையைப் பார்த்துத்தான் போட்டார்கள் என்று உங்கள் மனைவியிடம் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, ஒன்றுமே நடவாதது போல வடையைக் கடித்தீர்கள்.

அது பொய்.

நான் கோபப்படவில்லை. இந்தத் தீவில் அந்தப் பொய்யைச் சொல்லாதவர்கள் மூன்றே வகை. பேச்சு வராத குழந்தைகள், பதுளைப் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள், நான். சின்னப் பிழை என்றால் பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். பூமி தட்டை என்று நீங்கள் சொல்லியிருந்தால்கூட விட்டிருப்பேன். பூமி தட்டை என்பதால் யார் வீட்டுக் கல்யாணமும் நின்றதில்லை.

தங்கச்சி, நீங்களும் கேளுங்கள். கினிகம நிலையத்தை ரயில் இப்போதுதான் தாண்டியிருக்கிறது. தெமோதரை வருவதற்குள் சொல்லிவிடுவேன். நான் அங்கேதான் இறங்க வேண்டும். வேலை இருக்கிறது.

முதலில் வளையம் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த ரயில் எல்லவைத் தாண்டித் தெமோதரையில் நிற்கும். நிலையம் மேட்டில் இருக்கிறது; பதுளை பள்ளத்தில் இருக்கிறது. நேரே இறக்கினால் ரயில் இறங்காது, விழும். ஆகவே நிலையத்தை விட்டுப் புறப்பட்ட ரயில் மலையை ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே வந்து, சற்றுமுன் தான் நின்ற அதே நிலையத்துக்கு நேர் அடியில் ஒரு சுரங்கத்துக்குள் நுழைந்து அந்தப் பக்கம் போகிறது. நடைமேடையில் நிற்பவர், தாம் வழியனுப்பிய ரயில் தம் காலுக்கடியில் போவதைப் பார்க்கலாம். விஷயம் அவ்வளவுதான்.

கதை என்ன சொல்கிறது? பாதை போட வந்த பொறியியலாளர் மலையைப் பார்த்துத் தாடையைத் தடவிக்கொண்டு நின்றாராம். பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிக்கொண்டிருந்த கங்காணி, தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். பொறியியலாளருக்குப் பொறி தட்டியதாம். ரயிலையும் அப்படியே சுற்றிவிட்டாராம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டார்ஜிலிங் மலையில் அதற்கு எவ்வளவோ முந்தியே ரயிலுக்கு வளையம் போட்டுவிட்டார்கள். சரிவைக் கணக்குப் போடத் தெரிந்தவனுக்குத் தலைப்பாகை எதற்கு? இப்படியே போனால் இட்லியைப் பார்த்துச் சக்கரம் செய்தார்கள், முருங்கைக்காயைப் பார்த்துத் தண்டவாளம் செய்தார்கள், கங்காணியின் மீசையைப் பார்த்துக் கைகாட்டி வைத்தார்கள் என்றும் சொல்லலாம். சொல்வதற்கு ஆளில்லாமல் இல்லை.

என் பெயர் வீரபத்திரன். பண்டாரவளையில் கணிதம் படிப்பித்தேன். பள்ளிக்கூடத்தை விட்டு வந்த பிறகும் 'சேர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். நான் எழுதுவது போலவே பேசுகிறேன் என்பது என் மனைவி பாக்கியத்தின் குறை. பேசுவது போல எழுதுகிறவர்களை அவள் படித்ததில்லை.

எங்களுக்கு ஒரே மகள். திலோஜினி. பதுளையில் ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. அடுத்தவர் இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று பார்த்துச் சொல்வாள். காலை ரயிலில் போவாள், மாலை ரயிலில் வருவாள். எப்போதும் கடைசிப் பெட்டியில்தான் ஏறுவாள். "கடைசிப் பெட்டி ஆடாதுப்பா" என்பாள். உண்மையில் கடைசிப் பெட்டிதான் அதிகம் ஆடும். காரணத்தோடு விளக்கினேன். தலையாட்டிக் கேட்டாள். மறுநாளும் அதிலேயே ஏறினாள். சிலருக்குப் பழக்கத்தை விட முடிவதில்லை.

ஒரு நாள் சோறு போட்டுக்கொண்டே, "தெமோதரையில அங்கமுத்துன்னு ஒருத்தரு இருக்காராம்பா. ஸ்டேசன் பக்கத்துல தேத்தண்ணிக் கடை. டூரிஸ்ட்டுக்கு ரெண்டு ரூமும் வச்சிருக்காங்களாம். சின்ன மகனுக்குப் பொண்ணு பார்க்கிறாங்களாம்" என்றாள். ஏதோ காதில் விழுந்த செய்தி. அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டது நான்தான். தரகர் இல்லை, சாதகக்காரர் இல்லை, நானே விசாரித்து நானே முடித்த சம்பந்தம் அது. மாப்பிள்ளைப் பையன் லோகேஸ்வரனை முதன்முதல் பார்த்தபோது, "தம்பி, என் மகளை முன்பே பார்த்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "பார்த்த மாதிரி இருக்கு சேர்" என்றான். நேர்மையான பையன். கடைசிப் பெட்டி நிற்கிற இடத்துக்கு நேரே அவர்கள் கடை இருப்பதால் பார்த்திருக்க வாய்ப்பு உண்டுதான்.

அங்கமுத்துவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல உயரம். வெள்ளை மீசை. தலையில் சிவப்புத் தலைப்பாகை. குளிக்கும்போது கழற்றுவார் என்று நம்புகிறேன். ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்வார். தெமோதரையில் ரயில் பார்க்கவென்றே ஆட்கள் இறங்குவார்கள். ரயில் புறப்பட்டு மலையைச் சுற்றிவிட்டுக் கீழே சுரங்கத்தில் தலை காட்டுகிற வரைக்கும் அவர்களுக்கு வேலை இல்லை அல்லவா? அந்த இடைவெளிதான் அங்கமுத்துவின் நேரம். மேடைக்கு வருவார். கதையைச் சொல்வார். தலைப்பாகையை அவிழ்ப்பார், சுற்றுவார். கடைசி நுனியைச் செருகவும் கீழே ரயில் கூவவும் சரியாக இருக்கும். சனங்கள் வாய் பிளப்பார்கள். பிளந்த வாய்க்குத் தேத்தண்ணி, வடை. வியாபாரம் அப்படித்தான் நடந்தது.

இதெல்லாம் நிச்சயம் பண்ண அவர்கள் வீட்டுக்குப் போன அன்றைக்கு எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் வேறு மாதிரி நடந்திருக்க மாட்டேன் என்பது வேறு விஷயம்.

தட்டெல்லாம் வரிசையாக வைத்தாயிற்று. வெற்றிலை, பாக்கு, தேங்காய், வாழைப்பழம், மாப்பிள்ளைக்கு வேட்டி. அங்கமுத்து எழுந்து தொண்டையைச் செருமினார்.

"வாத்தியாரய்யா, ஒங்க பொண்ணு சும்மா வீட்டுக்கு வரல. இந்தக் கோச்சிப் பாதைக்கே வழி காட்டுன வீட்டுக்கு வருது. எங்க பூட்டன் ஆண்டியப்பன் கங்காணி மட்டும் அன்னக்கித் தலைப்பாவ அவுத்துக் கட்டலேன்னா, கோச்சி எல்ல ஸ்டேசனோட நின்னுருக்கும். பதுளைக்கு இன்னமும் மாட்டு வண்டிதான்."

எல்லோரும் தலையாட்டினார்கள். என் தொடையில் ஏதோ கடித்தது. கொசு என்று நினைத்தேன். அந்தக் குளிரில் கொசு குறைவு என்பதும், பக்கத்தில் பாக்கியம் உட்கார்ந்திருந்தாள் என்பதும் பிறகுதான் நினைவுக்கு வந்தன.

"சம்பந்தி, ஒரு சின்னத் திருத்தம்" என்றேன்.

மிக மென்மையாகச் சொன்னேன், தம்பி. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொன்னேன். டார்ஜிலிங் சொன்னேன், சரிவுக் கணக்குச் சொன்னேன். கடைசிக் காரணம் ஒன்று இருந்தது. சபை நாகரிகம் கருதி அதை விட்டுவிட்டேன். பிறகு சபை மிகவும் அமைதியாக இருந்ததால் அதையும் சொன்னேன். பூட்டன் எந்த வயதில், எந்த வருடம் காலமானார் என்று அங்கமுத்துவே சற்றுமுன் பெருமையாகச் சொல்லியிருந்தார். மனத்துக்குள் கழித்துப் பார்த்தேன். பாதை போட்ட காலத்தில் ஆண்டியப்பனுக்கு ஏழு வயது. ஏழு வயதில் தலைப்பாகை கட்டலாம். கங்காணியாக இருக்க முடியாது.

மாப்பிள்ளையின் அத்தை ஒருத்தி, "ஏழு வயசுலயே கங்காணியா? எவ்ளோ கெட்டிக்காரரு" என்றாள்.

அங்கமுத்து தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்தார். அவர் தலையை அன்றுதான் பார்த்தேன். வழுக்கை. இது கதைக்குத் தேவையில்லை, ஆனால் உண்மை.

"வாத்தியாரே" என்றார். 'ஐயா' போய்விட்டதைக் கவனித்தேன். "எம் பூட்டனப் பொய்யின்னு சொன்ன வீட்டுல நான் பொண்ணெடுக்க மாட்டேன். ஒண்ணு செய்யுங்க. பிளாட்பாரத்துக்கு வந்து, சனங்க முன்னுக்கு நின்னு, கத உண்மைதான்னு ஒருவாட்டி சொல்லிருங்க. அப்பறம் தட்டு மாத்திக்கலாம்."

"அப்படிச் சொல்ல முடியாது."

"அப்ப தட்ட எடுத்துக்குங்க."

எடுத்துக்கொண்டோம். எல்லாம் சரியாக இருந்தது. வாழைப்பழம் மட்டும் இல்லை. நான் சரிவுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது யாரோ சாப்பிட்டிருக்கிறார்கள்.

ஹீல் ஓயா நிலையமா இது? ஆமாம். அந்தப் பக்கம் பாருங்கள், தங்கச்சி, பள்ளத்தாக்கு அழகாக இருக்கும். சரி, பார்த்தாயிற்று.

தீவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பெரிய தேசங்களில் ஒருவரோடு மனத்தாங்கல் என்றால் வேறு ரயில் ஏறி வேறு ஊர் வழியாகப் போய்விடலாம். ஒரு பிறவி முழுக்க அவர் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். நமக்கு இந்த மலைக்கு ஒரே பாதை. அதுவும் ஒற்றைத் தண்டவாளம். எதிரே வருகிற ரயிலுக்கே ஸ்டேசனில் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டியிருக்கிறது. இதில் அங்கமுத்துவுக்கு எங்கே போய் ஒதுங்குவது?

பஸ் இருக்கிறதே என்கிறீர்கள். எனக்குப் பஸ்ஸில் தலை சுற்றும். மலையைச் சுற்றுவது ரயிலாக இருந்தால் சுற்றாது. விசித்திரம்தான்.

அந்த வருடம் கண்ணுக்கு வைத்தியம் பார்க்க நான் பதுளைக்குப் போய் வர வேண்டியிருந்தது. போகும்போதெல்லாம் தெமோதரையில் ரயில் நிற்கும். மேடையில் அங்கமுத்து நிற்பார். நான் பேப்பரைத் தூக்குவேன். ரயில் புறப்படும், மலையைச் சுற்றும், சுரங்கத்தில் நுழையும். அந்த வளையத்தின் அமைப்பை யோசித்துப் பாருங்கள். முதலில் அவருடைய முகத்துக்கு நேரே கொண்டுபோய் என்னை நிறுத்துகிறது. பிறகு அவருடைய காலுக்கடியில் என்னைக் கொண்டுபோகிறது. இதைவிடப் பொருத்தமாக ஓர் அவமானத்தை எந்தப் பொறியியலாளரும் வரைந்திருக்க முடியாது. தலைப்பாகையைப் பார்த்து அல்ல, ஆனால் வரைந்திருக்கிறார்.

அங்கமுத்துவும் சும்மா இல்லை. கதையில் புதிதாக ஒரு வால் சேர்த்துவிட்டார். "இப்ப கீழ போற கோச்சியில ஒரு வாத்தியாரு இருப்பாரு பாருங்க. அவரு எங்க பூட்டன நம்பல. எங்க பூட்டன் போட்ட பாதை அவரையும் ஏத்திக்கிட்டுத்தான் போவுது." இது திலோஜினி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வரும்போது மேலே இருந்து ஆட்கள் கையசைப்பார்கள். நானும் அசைத்தேன். மரியாதை என்று ஒன்று இருக்கிறதே.

வீட்டில் பாக்கியம் என்னோடு பேசுவதை நிறுத்தவில்லை. நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஏங்க, அந்தத் தலைப்பா ஒங்க சோத்துலயா மண்ணள்ளிப் போட்டுச்சு?"

"பாக்கியம், உண்மை என்று ஒன்று இருக்கிறது."

"இருக்கட்டும். அது எங்கயும் ஓடிப்போவாது. பொண்ணுக்கு வயசு ஓடுதில்ல?"

திலோஜினி அழுதாளா என்று கேட்கிறீர்களா, தங்கச்சி? இல்லை. அவள் என் மகள். காலையில் போனாள், மாலையில் வந்தாள். கடைசிப் பெட்டிதான். ஒரு நாள் எனக்குச் சோறு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"அப்பா, லோகேஸ்வரனுக்குக் கட்டார் நாட்டுல ஓட்டல் வேலை வந்திருக்காம். கல்யாணம் இல்லேன்னா ஆவணி முடிஞ்சதும் போயிருவாராம். போனா ரெண்டு வருசத்துக்கு வர முடியாதாம்."

"உனக்கு யார் சொன்னது?"

"கோச்சியில பேசிக்கிட்டாங்க."

ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சோற்றுக்குக் குழம்பு ஊற்ற மறந்துவிட்டாள். நான் கவனித்தேன், சொல்லவில்லை. வெறும் சோற்றைச் சாப்பிட்டு எழுந்தேன். என் வாழ்க்கையில் நான் எதையும் திருத்தாமல் எழுந்த சாப்பாடு அது ஒன்றுதான்.

அந்த வாரக் கடைசியில் அவளே வந்து கேட்டாள்.

"அப்பா, நீங்க சொல்றது உண்மைதானே?"

"அதில் என்ன சந்தேகம்?"

"அப்ப ஏன் அத எனக்கும் அம்மாவுக்குமே சொல்லிக்கிட்டிருக்கீங்க? எங்க ரெண்டு பேருக்கும் இப்ப மனப்பாடம். தெரியாதவங்க எல்லாம் தெமோதரைப் பிளாட்பாரத்துல நிக்கிறாங்க."

நான் யோசித்தேன்.

"மாமா என்ன கேட்டாரு? பிளாட்பாரத்துக்கு வந்து சனங்க முன்னுக்குப் பேசணும்னுதானே? வந்து பேசுங்க. பொய் சொல்ல வேணாம். ஒங்க உண்மையச் சொல்லுங்க. அவரும் அவரு கதையச் சொல்லட்டும். சனங்க முடிவு பண்ணட்டும்."

'மாமா' என்றது வாய் தவறி வந்தது. மற்றபடி அவள் வாதத்தில் ஓட்டை இல்லை. இவ்வளவு தெளிவு இவளுக்கு எங்கிருந்து வந்தது என்று பாக்கியத்தைப் பார்த்தேன். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

அங்கமுத்துவும் ஒத்துக்கொண்டார். லோகேஸ்வரன் போய்ப் பேசினான் போலிருக்கிறது. என்ன பேசினான் என்று தெரியாது. "வாத்தியார் வந்து மூக்கறுபடட்டும்" என்றாராம்.

செயல்முறை விளக்கம் இல்லாமல் படிப்பிக்கக் கூடாது என்பது என் கொள்கை. தலைப்பாகையும் பாதையும் ஒன்றல்ல என்று காட்ட எனக்கு ஒரு தலைப்பாகை வேண்டும். பாக்கியத்திடம் கேட்டேன். பழைய மஞ்சள் சேலையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். "கட்டுறதுதான் கட்டுறீங்க, அப்பிடியே குனிஞ்சு அந்தாளு கால்லயும் விழுந்துருங்க" என்றாள். அவளுக்கு விஞ்ஞானத்தில் ஆர்வம் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல கூட்டம். வெள்ளைக்காரர்கள், கொழும்பிலிருந்து வந்த பள்ளிக்கூடப் பிள்ளைகள், மாத்தறைப் பக்கத்துக் குடும்பம் ஒன்று பெரிய சாப்பாட்டுப் பாத்திரத்தோடு. திலோஜினியும் பாக்கியமும் கடைப் பக்கம் நின்றார்கள். லோகேஸ்வரன் வடைத் தட்டுக்குப் பின்னால் நின்றான். ரயில் கூவிப் புறப்பட்டது. வளைவில் கடைசிப் பெட்டி மறைந்ததும் அங்கமுத்து தொடங்கினார். ஆங்கிலத்தில் கொஞ்சம், சிங்களத்தில் அதிகம், தமிழில் அளவில்லாமல். பூட்டன் வந்தார், பொறியியலாளர் வந்தார், தலைப்பாகை அவிழ்ந்தது.

"ஒரு நிமிடம்" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் மூன்று மொழியிலும் மறுத்தேன். டார்ஜிலிங் என்றதும் ஒரு வெள்ளைக்காரப் பெண் பலமாகத் தலையாட்டினாள். அங்கமுத்து விடவில்லை.

"டார்ஜிலிங்குல தலைப்பா கட்ட மாட்டாங்களா வாத்தியாரே? அங்கயும் எவனாவது அவுத்துருப்பான்."

கூட்டம் சிரித்தது. மாத்தறைக் குடும்பத்துக்கு யாரோ சிங்களத்தில் சொல்ல, அவர்கள் தாமதமாகச் சிரித்தார்கள். சிரிப்பு வாதம் ஆகாது. நான் மஞ்சள் துணியை எடுத்தேன். தலைப்பாகை ஒவ்வொரு சுற்றுக்கும் மேலே ஏறுகிறது, பாதையோ கீழே இறங்குகிறது. இதைக் காட்ட வேண்டும். தலையில் வைத்துச் சுற்றத் தொடங்கினேன். படத்தில் பார்ப்பதற்கும் கையால் சுற்றுவதற்கும் கொஞ்சம் வேறுபாடு இருக்கிறது. துணி வழுக்கிக்கொண்டு கண்ணுக்கு வந்துவிட்டது.

"நுனிய விடுங்க வாத்தியாரே, கழுத்தச் சுத்திக்கிட்டீங்க" என்று அங்கமுத்துவின் குரல் கேட்டது. யாரோ ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டார்கள். அவராகத்தான் இருக்க வேண்டும். புகையிலை வாசம் வந்தது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் வாதம் தெளிவாக இருந்தது. இரண்டு கையையும் உயர்த்தி, கூட்டம் இருந்த திசையை நோக்கிக் கேட்டேன்: "சரி, சுற்றியாயிற்று. இந்தத் தலைப்பாகையில் சுரங்கம் எங்கே?"

கீழே ரயில் கூவியது. நேர் காலடியில். மேடை அதிர்ந்தது.

அப்படி ஒரு கைதட்டல் நான் கேட்டதில்லை, தம்பி. முப்பது வருடம் படிப்பித்தேன்; யாரும் ஒரு தடவைகூடத் தட்டியதில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் குதித்தார்கள். வெள்ளைக்காரப் பெண்ணுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டதாம். உண்மை சிலரை அப்படித் தொடும். என் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை என்பதை மட்டும் நீங்கள் கவனிக்க வேண்டும்.

துணியைக் கண்ணிலிருந்து தூக்கிப் பார்த்தேன். எல்லோரும் எங்கள் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கவைத்துப் படம் எடுத்தார்கள். கழற்ற வேண்டாம், கழற்ற வேண்டாம் என்றார்கள். அடுத்த ரயில் வரைக்கும் இருந்து இன்னொரு முறை கேட்கிறோம் என்று மாத்தறைக் குடும்பம் கடை வாசலில் பாயை விரித்துவிட்டது. லோகேஸ்வரன் உள்ளே ஓடினான், வெளியே ஓடினான். திலோஜினி தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். சீனி டின் எங்கே இருக்கிறது என்று யாரையும் கேட்காமலே எடுத்தாள். சுறுசுறுப்பான பிள்ளை.

அங்கமுத்து வடைத் தட்டைப் பார்த்தார். காலி. தேத்தண்ணிக் கேத்தலைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். காலி. என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு பெரிய மாற்றம் நடந்துகொண்டிருந்தது. ஒரு மனிதன் தலைமுறை தலைமுறையாக நம்பியது ஆட்டம் காணும்போது முகம் அப்படித்தான் இருக்கும்.

"சம்பந்தி" என்றார். "அடுத்த ஞாயித்துக்கிழமையும் வருவீங்களா?"

அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் முதன்முதல் கேட்டேன். பாக்கியம் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். திலோஜினி ஒரே தேத்தண்ணியைத் திரும்பத் திரும்ப ஆற்றிக்கொண்டே இருந்தாள்.

"வருகிறேன்" என்றேன். "ஆனால் என் கருத்தை மாற்றிக்கொள்ள மாட்டேன். அதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்."

"மாத்தவே கூடாது சம்பந்தி. மாத்துனீங்கன்னா எனக்குக் கெட்ட கோவம் வந்துரும்."

எதிரியின் நிலைப்பாட்டை மதிக்கக் கற்றுக்கொண்டுவிட்டார், பார்த்தீர்களா?

ஆவணியில் கல்யாணம் நடந்தது. நல்லபடியாக நடந்தது. சாப்பாட்டில் பாயாசத்துக்கு மட்டும் சீனி கூடுதல், சொன்னேன். லோகேஸ்வரன் கட்டாருக்குப் போகவில்லை. அது எந்த ஓட்டல் என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். அவனுக்கும் ஞாபகம் இல்லை, அவளுக்கும் ஞாபகம் இல்லை. கல்யாணச் சந்தோஷத்தில் மறந்திருப்பார்கள். இரண்டு அறை இப்போது ஐந்தாகிவிட்டது. கடைக்கு மேல் கூரை போட்டு, சனங்கள் உட்கார்ந்து பார்க்க வாங்குப் பலகை போட்டிருக்கிறார்கள். எனக்கென்று ஒரு நாற்காலி. கைவைத்த நாற்காலி.

இப்போது சனி, ஞாயிறு, பள்ளி விடுமுறை எல்லாம் போகிறேன். காலை ரயிலுக்கு ஒரு மறுப்பு, பிற்பகல் ரயிலுக்கு ஒரு மறுப்பு. ரயில் கீழே வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். முதலில் எல்லாக் காரணங்களையும் சொன்னேன்; நேரம் போதவில்லை. ஏழு வயதுக் கணக்கை எடுத்துவிட்டேன், குடும்பத்துக்குள் வந்துவிட்டோம் அல்லவா. சரிவுக் கணக்கைச் சொல்லும்போது பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள், மருமகன் மெல்ல வந்து, "மாமா, அத விட்டுட்டு அந்தச் சுரங்கம் எங்கேங்கறத மட்டும் வச்சிக்குவோமா?" என்றான். விட்டேன். டார்ஜிலிங்கும் போய்விட்டது. இப்போது மிச்சம் இருப்பது அந்த ஒரே கேள்விதான். அதையும் தலைப்பாகையைச் சுற்றிக்கொண்டேதான் கேட்கிறேன். ஆனால் கேள்வி ஆணித்தரமான கேள்வி.

கண்ணை மறைக்காமல் கட்ட இப்போது எனக்குத் தெரியும். அப்படிக் கட்டினால் சனங்களுக்குப் பிடிக்கவில்லை. கடைசிச் சுற்றைக் கொஞ்சம் தளர விடச் சொல்லிச் சம்பந்தி கேட்டுக்கொண்டார். விடுகிறேன். அதில் கொள்கைக்கு இழுக்கு ஒன்றும் இல்லை.

எல்ல நிலையத்தைத் தாண்டிவிட்டோமா? பேச்சில் கவனிக்கவில்லை. அதோ, எல்லோரும் வாசலுக்கு ஓடுகிறார்கள், பாலம் வருகிறது. அதன் வளைவுகளைப் பற்றியும் மக்கள் கண்டபடி பேசுகிறார்கள். அது இன்னொரு நாளைக்கு.

தம்பி, ஓர் உதவி. இந்தப் பையில் மஞ்சள் துணி இருக்கிறது. அதன் ஒரு நுனியை இப்படிப் பிடியுங்கள். இழுக்க வேண்டாம், பிடித்தால் போதும். பாதியை இங்கேயே கட்டிக்கொண்டு இறங்கினால் அங்கே நேரம் மிச்சம். ரயில் ஆடுகிறது, கடைசிப் பெட்டி, நான் சொன்னேனே. தங்கச்சி, சிரிக்காமல் அந்த மடிப்பை எடுத்துவிடுங்கள். நீங்கள் பதுளைக்குத்தானே போகிறீர்கள்? அப்படியென்றால் இறங்க வேண்டாம். சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் மேலே பாருங்கள். இரண்டு பேர் நிற்பார்கள். சிவப்பு அவர். மஞ்சள் நான்.

யாராவது நம்புகிறார்களா என்றா கேட்டீர்கள்? நம்பாமல் என்ன. போன தைப்பொங்கலுக்கு ஒரு ஜேர்மன்காரர் வந்து முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். தனியாகக் கூப்பிட்டு டார்ஜிலிங்கையும் சொன்னேன், எழுதிக்கொண்டார். என்னை மட்டும் தனியே நிறுத்திப் படம் எடுத்தார். பயணிகளுக்கான வழிகாட்டிப் புத்தகம் எழுதுகிறவராம். புத்தகம் வெளிவந்து, ஒரு பிரதியும் அனுப்பியிருக்கிறார். தெமோதரைக்கு ஒரு பக்கம் முழுக்க என் படம்தான். கீழே ஜேர்மன் மொழியில் ஒரு வரி. எல்லவில் ஒரு ஓட்டல்காரரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னோம். "ரயில் பாதைக்கு வழி காட்டிய கங்காணியின் கொள்ளுப்பேரன், குடும்பத் தலைப்பாகையுடன்" என்று இருக்கிறதாம். மருமகன் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, கடை வாசலில் மாட்டியிருக்கிறான்.